புறஞ்சேரி தந்த சோறு

பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் பெருக்கத்தால் புறநகர்கள் வளர்ந்தனவா? தளர்ந்தனவா?
அணி: வளர்ந்தனவே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அரை மணி நேரமாக எங்களைக் கலங்கடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்த அம்பத்தூர் மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அமர்ந்து, அடுப்பில் கொதிக்கும் குழம்பையும் எங்களையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே!

"மண்டபத்திலேயே நிற்க இடமில்லை, ஜனப்பெருக்கம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்" என்றார் எனக்கு முன்னால் பேசிய அம்மா. கைதட்டலும் வாங்கினார். நான் அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மண்டபம் காலியாக இருந்திருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்களா? (சிரிப்பு) கூட்டம் வந்ததால்தான் அம்மா, உங்கள் பேச்சுக்கு மதிப்பு. ஊருக்கும் அப்படித்தான். ஆள் வந்தால்தான் ஊர். ஆள் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பொட்டல்.

நடுவர் அவர்களே, எதிரணி சொன்னதை நான் மறைக்கப் போவதில்லை. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். திருமுல்லைவாயில்: அங்கே முல்லை. திருவேற்காடு: அங்கே வேலமரக் காடு. மாங்காடு: மாமரக் காடு. பூவிருந்தவல்லி: பெயரிலேயே பூ இருக்கிறது. அரசாங்கப் பலகையில் பூவிருந்தவல்லி, நடத்துநர் வாயில் "பூந்தமல்லி, பூந்தமல்லி, உள்ளே போ, உள்ளே போ!" (சிரிப்பு) தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டு நகர விடவில்லை என்பது திருமுல்லைவாயில் தலவரலாறு. இன்று அதே சாலையில் யானை வந்தால் அதை நிறுத்த முல்லைக்கொடி வேண்டாம். பாடியிலிருந்து திருவள்ளூர் போகும் எம்.டி.எச். சாலையில், காலை எட்டரை மணி நெரிசல் போதும்! (சிரிப்பு, கைதட்டல்)

முல்லை போய்விட்டது, காடு போய்விட்டது என்று எதிரணி அழுதது. அழ வேண்டிய விஷயம்தான். ஆனால், அந்த இடத்தில் வந்தது என்ன, வந்தவர் யார், அவர்களை அழைத்தவர் யார் என்று அவர்கள் கேட்கவே இல்லையே! நான் கேட்கிறேன்.

1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்போம் என்று நேரு முன்னிலையில் தீர்மானம் போட்ட மாநாடு. இந்திய அரசியல் வரலாற்றிலே ஆவடி என்ற பெயர் அப்படித்தான் ஏறியது. தீர்மானம் பேச்சோடு நிற்கவில்லை. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான நிலம். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பட்டறைகள். தெற்காசியாவின் மிகப் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்று. அதற்கும் முன்னாலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே இருந்தது. பக்கத்துப் பாடியிலே லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா.

இத்தனை தொழிற்சாலையும் கட்டிவிட்டு, "வேலைக்கு ஆள் வா" என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, ஆள் வந்து நின்றதும், "ஐயையோ, ஜனப்பெருக்கம்!" என்றால் எப்படி ஐயா? கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, பந்தியிலே உட்கார்ந்தவனைப் பார்த்து, "நீ எதுக்குய்யா வந்தே?" என்று கேட்கிற மாதிரி இல்லையா? (பலத்த கைதட்டல்) அழைக்காமல் வந்தவர்கள் இல்லை இவர்கள். அழைத்து வந்த விருந்தாளிகள்!

அடுத்து, கணக்குக்கு வருகிறேன். தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு வராது என்று நினைக்காதீர்கள். மாதக் கடைசியில் எங்களை விடக் கணக்குப் போடுகிறவர் எவரும் இல்லை. (சிரிப்பு)

அம்பத்தூரின் மக்கள்தொகை 1991-இல் ஏறத்தாழ 2 லட்சத்து 15 ஆயிரம். 2011-இல் 4 லட்சத்து 66 ஆயிரம். இருபதே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். ஆவடி 1991-இல் 1 லட்சத்து 83 ஆயிரம். 2011-இல் 3 லட்சத்து 46 ஆயிரம். பூவிருந்தவல்லி 2001-இல் 42 ஆயிரத்துச் சொச்சம். 2011-இல் 57 ஆயிரம். திருவேற்காடு அதே பத்தாண்டில் 32 ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ 63 ஆயிரம். திருவள்ளூர் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2001-க்கும் 2011-க்கும் இடையில் 35 சதவீதம் வளர்ந்தது. அதே பத்தாண்டில் தமிழ்நாடு வளர்ந்தது 15.6 சதவீதம். பழைய சென்னை மாவட்டம் வளர்ந்தது ஏழே ஏழு சதவீதம்!

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜனப்பெருக்கம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிவப்பு முக்கோணம். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற சுவர் விளம்பரம். வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடுவதால் ஊர் பெருத்துவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை, தாய்மார்களே! 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெற்றெடுக்கும் குழந்தைகளின் சராசரி 1.8. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்ள 2.1 வேண்டும். நாம் அதற்கும் கீழே வந்துவிட்டோம். பாட்டி ஆறு பெற்றாள். அம்மா மூன்று பெற்றாள். மகள் ஒன்றோடு நிறுத்திவிட்டு, "இதை ஸ்கூல்ல சேர்க்கவே லோன் போட வேண்டியிருக்கு" என்கிறாள். (சிரிப்பு)

தொட்டில் குறைந்திருக்கிறது, ஊர் பெருத்திருக்கிறது. எப்படி? தகரப் பெட்டியோடு வந்தார்கள் ஐயா! வேலை தேடிப் பெட்டியோடு வந்தவர்களும், சென்னைக்குள்ளே வாடகை கட்ட முடியாமல் சாமான் வண்டியோடு வெளியே வந்தவர்களும் சேர்ந்துதான் இந்தப் புறநகரை நிரப்பினார்கள். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ஒரு படுக்கையறைக்குக் கொடுக்கிற வாடகைக்கு இங்கே மாடியும் மொட்டைமாடியும் கிடைத்தது. சென்னை ஏழு சதவீதம் வளர்ந்தபோது இந்த மாவட்டம் முப்பத்தைந்து சதவீதம் வளர்ந்ததற்கு இதுதான் காரணம். நகரம் தாங்க முடியாதவர்களைப் புறநகர் தாங்கியது.

புறநகர் என்றால் ஏதோ நேற்றுப் பிறந்த சொல் என்று எண்ணிவிடாதீர்கள். இளங்கோவடிகள் அதற்கு ஒரு காதையே வைத்திருக்கிறார்: புறஞ்சேரி இறுத்த காதை. புகாரிலே வாழ்ந்து கெட்ட ஒரு குடும்பம், கோவலனும் கண்ணகியும், பிழைப்புத் தேடி மதுரைக்கு வருகிறார்கள். கையிலே முதலீடு என்ன? ஒரே ஒரு ஜோடிச் சிலம்பு. இன்றைக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அம்பத்தூரிலே அட்வான்ஸ் கொடுக்கிறானே, அவனுக்கு மூத்தவன் கோவலன்! (கைதட்டல்) அவர்கள் நேரே கோட்டைக்குள்ளே போய்த் தங்கவில்லை. கோட்டைக்கு வெளியே, புறஞ்சேரியிலே தங்குகிறார்கள். கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்ற ஆயர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். அந்த மாதரி என்ன கேட்டாள்? "என்ன ஜாதி? எத்தனை பேர்? சைவமா அசைவமா? பத்து மாச அட்வான்ஸ் வெச்சிருக்கியா?" கேட்டாளா? (சிரிப்பு) இல்லை. ஒரு வீடு கொடுத்தாள். அரிசியும் காயும் தயிரும் நெய்யும் கொடுத்தாள். துணைக்குத் தன் மகள் ஐயையையும் கொடுத்தாள்.

இலக்கியத்தை இன்னும் ஒரு படி ஊன்றிப் பாருங்கள் நடுவர் அவர்களே. கோவலன் வெட்டுப்பட்டது எங்கே? அரசன் இருந்த கோட்டைக்குள்ளே. அவனுக்குக் கடைசிச் சோறு கிடைத்தது எங்கே? புறஞ்சேரியிலே! (பலத்த கைதட்டல்) அநியாயம் நகரத்தில் நடந்தது. ஆதரவு புறநகரில் கிடைத்தது. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அந்த மாதரி பிறகு தீயிலே விழுந்து உயிரை விட்டாள். வந்தவனைத் தாங்குவதை அவ்வளவு பெரிய பொறுப்பாக நினைத்த மரபு நம்முடைய மரபு.

அந்த மாதரியின் வேலையைத்தான் அறுபது ஆண்டுகளாக அம்பத்தூரும் ஆவடியும் செய்துகொண்டிருக்கின்றன. வட ஆர்க்காட்டிலே மழை பொய்த்தது, இங்கே வந்தார்கள். ராமநாதபுரத்திலே கண்மாய் வறண்டது, இங்கே வந்தார்கள். கேரளத்திலிருந்து வந்தார்கள், ஆந்திரத்திலிருந்து வந்தார்கள். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இந்தியாவின் எல்லா மொழியும் ஒரே தெருக் குழாயடியில் கேட்டது. சண்டை மட்டும் தமிழில் நடந்தது. (சிரிப்பு) இப்போது ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து, அசாமிலிருந்து, மேற்கு வங்கத்திலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கணிப்பொறி பக்கம் போய்விட்டதால், லேத்துப் பட்டறையில் காலியான இடத்தில் வந்து நிற்பவர்கள் அவர்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் நம் பட்டறை ஓடுமா? 2020-இல் கொரோனா வந்து அவர்கள் ரயில் ஏறிப் போனபோது, எத்தனை ஷட்டர் பாதியோடு நின்றது என்று தொழிற்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். எதிரணி "கூட்டம்" என்று சொல்லும் அதே ஆளுக்குப் பட்டறை முதலாளி வைத்திருக்கும் பெயர் "கை".

இந்தப் புறநகர் என்ன கொடுத்தது என்று எதிரணி கேட்டது. சொல்கிறேன். கிராமத்திலே ஒரு புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி என்ன? "தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு?" அந்தத் தெருவின் பெயரிலே அவனுடைய ஜாதகமே இருக்கும். டீக்கடையில் எந்த டம்ளர் என்பதை அந்தப் பதில் முடிவு செய்த காலம் உண்டு. தொழிற்பேட்டையிலே முதல் கேள்வி என்ன? "ஃபர்ஸ்ட் ஷிஃப்டா, செகண்ட் ஷிஃப்டா?" (பலத்த கைதட்டல்) கேள்வி மாறியதே, அது சின்ன மாற்றமா? வெல்டரா, ஃபிட்டரா, டர்னரா என்று கேட்டார்கள். வேலை தெரியுமா என்று கேட்டார்கள். தகப்பன் பெயரைச் சொல்லி அல்ல, தன் கைவேலையைச் சொல்லி ஒருவன் நிமிர்ந்து நின்ற இடம் இந்த அம்பத்தூர். வீட்டு வாடகைக்குப் போகும்போது இன்னும் சிலர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரிலே ஒரே கிணறு. அது மறுத்தால் வேறு வழியில்லை. இங்கே ஒரு கதவு சாத்தினால் அடுத்த தெருவில் ஒரு கதவு திறக்கிறது. அது கூட்டம் தந்த விடுதலை.

பெண்களைப் பாருங்கள். காலையிலே ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியைப் பாருங்கள். அங்கே ஒரு பெண் தலை பின்னுகிறாள். ஒரு பெண் கீரை ஆய்கிறாள். ஒரு பெண் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு பெண் நின்றபடியே தூங்குகிறாள். நால்வர் கையிலும் சாப்பாட்டுப் பை. நால்வருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். அவர்களுடைய பாட்டி களையெடுத்த கூலியை யார் கையில் வாங்கினார்? தாத்தா கையில்! பேத்தி வங்கிக் கணக்கில் வாங்குகிறாள். தகப்பன் ஐ.டி.ஐ. படித்து லேத்தில் நின்றான். மகள் பொறியியல் படித்து அதே தொழிற்பேட்டையில் எழும்பிய மென்பொருள் கட்டடத்திலே மின்தூக்கியில் ஏறிப் போகிறாள். 2024-இல் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்களே, அது வானத்திலிருந்தா விழுந்தது? ஊரில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கண்டுதான் கட்டடம் வந்தது.

தமிழாசிரியன் என்ற முறையில் நான் கவனித்த ஒன்று. வகுப்பிலே பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்பேன். முன்பெல்லாம் அப்பாவின் கிராமத்தைச் சொல்வார்கள்: போளூர், சங்கரன்கோவில், முதுகுளத்தூர். இப்போது, "ஐயா, எனக்கு ஆவடி", "எனக்குத் திருமுல்லைவாயில்" என்கிறார்கள். ஒரே வீட்டிலே அப்பா "எங்க ஊர்" என்றால் அது ஒரு கிராமம். மகள் "எங்க ஊர்" என்றால் அது அம்பத்தூர். ஒரு தலைமுறையிலே ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது நடுவர் அவர்களே! பிழைக்க வந்த இடம், பிறந்த இடம் ஆகிவிட்டது. தளர்ந்துபோன ஊரை யாராவது சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்வார்களா?

சரி, எதிரணியின் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஏரி போச்சு, தண்ணீர் லாரி வருது, மழை பெய்தால் வீட்டுக்குள்ளே மீன் வருது. உண்மை. 2015 டிசம்பரிலே பட்டோம். 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தத் தொழிற்பேட்டைக்குள்ளே தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இவை எல்லாம் உண்மை.

ஆனால் இதற்குக் குற்றவாளி யார்? தகரப் பெட்டியோடு வந்தவனா? வாடகைக்கு வந்தவன் ஏரியை மடியிலே கட்டிக்கொண்டு போனானா? (சிரிப்பு) ஏரியை மனையாக அளந்தவர் யார்? முளைக்குச்சி அடித்தவர் யார்? "ஏரிப் பக்கம், காற்று வரும்" என்று விற்றவர் யார்? முகப்பேரிலே ஒரு பகுதிக்குப் பெயரே "ஏரித் திட்டம்". ஏரி போய்விட்டது, திட்டம் மட்டும் நிற்கிறது! (சிரிப்பு, கைதட்டல்) அதே சமயம், கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனவர்கள் யார்? பிழைக்க வந்து அங்கே குடியேறிய பொதுமக்கள்தானே! ஏரியை விழுங்கியது பேராசை. ஏரிக்காக வழக்காடியது ஜனப்பெருக்கம்!

அந்த முகப்பேரிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் உலக வங்கி உதவியோடு சென்னையில் ஒரு திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் போன்ற இடங்களில் நடந்தது. அதன் வழி ரொம்பச் சுலபம். முதலில் மனையைப் பிரி, சாலையைப் போடு, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதி, பள்ளிக்கு இடம் விடு. பிறகு ஏழைக்கு ஒரு சின்ன மனை, நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு நடுத்தர மனை, வசதி உள்ளவருக்குப் பெரிய மனை என்று ஒரே பகுதியில் கொடு. வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளட்டும். அன்றைக்கு, "இது தேறாது, பொட்டலிலே யார் போவார்கள்?" என்று சிரித்தவர்கள் உண்டு. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பல வருமானத்தாரும் கலந்து வாழும் உயிருள்ள ஊர்களாக அவை வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஓலைக் குடிசை போட்ட சின்ன மனையிலே இன்று இரண்டு மாடி. கீழே கடை, மேலே வாடகை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? குழாய் முன்னே வந்து, ஆள் பின்னே வந்த இடம் வளர்ந்தது. ஆள் முன்னே வந்து, குழாய் பின்னே வந்த இடம் தத்தளித்தது. ஆள் இரண்டு இடத்துக்கும் ஒரே ஆள்தான்! வித்தியாசம் குழாயில் இருக்கிறது. (பலத்த கைதட்டல்)

லண்டன் மாநகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1801-இல் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ஊர் பெருத்தது, சாக்கடை தேம்ஸ் நதியிலே கலந்தது, காலரா கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1858 கோடையில் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? "ஜனங்களே, ஊருக்குத் திரும்பிப் போங்கள்" என்றா சொன்னார்கள்? பேசல்ஜெட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டுப் பூமிக்கு அடியிலே பாதாளச் சாக்கடை கட்டினார்கள். 1866-க்குப் பிறகு அங்கே பெரிய காலரா வரவில்லை. 1901-இல் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. ஆறு மடங்கு கூட்டம்; ஆனால் காலரா இல்லை. கூட்டமா நோய்? சாக்கடை இல்லாததுதான் நோய்!

நம்முடைய நோய்க்கு இன்னொரு பெயர் உண்டு. வந்தவனை எண்ணாமல் விடுவது. தொழிற்பேட்டை வந்தது 1964-இல். அம்பத்தூரைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தது 2011-இல். அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டர் சென்னையை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். ஆவடி மாநகராட்சி ஆனது 2019-இல். டாங்கி செய்யத் தொடங்கி ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது 2022-இல். பூவிருந்தவல்லிப் பக்கம் மெட்ரோ ரயில் சோதனை ஓட்டம் நடந்தது 2025-இல். எல்லாம் வந்தது ஐயா. வந்தவனுக்குப் பின்னாலே, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது!

இன்னும் ஒன்று. நான் சற்று முன் சொன்ன அத்தனை மக்கள்தொகைக் கணக்கும் 2011-ஓடு ஏன் நின்றது? 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவாலே தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. 2011 கணக்கு முடிந்த மறுநாள் பிறந்த பிள்ளைக்கு, முதன்முதலாகத் தலை எண்ணும்போது வயது பதினாறு! மீசை முளைத்த பிறகு ஒரு பிள்ளையின் பெயரைக் குடும்பக் கணக்கிலே எழுதினால் அந்த வீட்டிலே சோறு எப்படிப் போதும்? பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. எத்தனை ஆள் என்று தெரியாவிட்டால் எதை எதனாலே பெருக்குவது?

அதனால் தாய்மார்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கணக்கெடுக்க உங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்தால், பெரும்பாலும் அவர் என்னைப் போல ஒரு வாத்தியாராக இருப்பார், வெயிலிலே வந்திருப்பார். "அப்புறமா வாங்க, சீரியல் ஓடுது" என்று சொல்லாதீர்கள். (சிரிப்பு) ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். வீட்டிலே உள்ள அத்தனை பேரையும் சொல்லுங்கள். மாடியிலே வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரப் பையன்கள் ஆறு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீர். நடப்பது இந்த ஊர்ச் சாலை. அவர்களை எண்ணாமல் விட்டால் குறைவது உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான்.

நிறைவாக வள்ளுவரிடம் வருகிறேன். 'நாடு' என்ற அதிகாரத்திலே நல்ல நாட்டுக்கு அவர் ஓர் இலக்கணம் சொல்கிறார். பிற இடங்களிலிருந்து பாரமெல்லாம் ஒன்றாகத் திரண்டு தன்மேல் வந்து இறங்கினாலும் அதைத் தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டே அரசனுக்குச் செலுத்த வேண்டிய வரியையும் முழுமையாகச் செலுத்த வேண்டும். அதுதான் நாடு என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த இலக்கணத்தை இந்த அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வைத்துப் பாருங்கள். வந்த பாரத்தைத் தாங்கினார்களா? தாங்கினார்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி, தொழில் வரி, வாங்குகிற சோப்புக்கும் சீப்புக்கும் வரி, எல்லாம் கட்டினார்களா? கட்டினார்கள். மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள் நடுவர் அவர்களே. பாக்கி இருப்பது ஆள்கிறவர்கள் பங்கு!

எதிரணி நண்பர்களே, "தளர்ந்தன" என்று நீங்கள் தீர்ப்புக் கேட்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு வந்தால் யாருக்குச் சந்தோஷம் தெரியுமா? ஏரியை அளந்து விற்றவனுக்குச் சந்தோஷம். வடிகால் வெட்டாமல் பணம் எடுத்தவனுக்குச் சந்தோஷம். "பார்த்தீர்களா, எல்லாம் ஜனப்பெருக்கத்தாலே வந்தது, நாங்கள் என்ன செய்வோம்" என்று கையை விரித்துவிடுவார்கள். பழி முழுவதும் பெட்டியோடு வந்த ஏழையின் தலையில் இறங்கும். அப்படி ஒரு பழியை மாதரியின் வம்சம் சுமத்தலாமா?

புறநகர் வளர்ந்தது வந்தவர்களாலே. அது பட்ட துன்பமோ, வந்தவர்களுக்கு முன்னாலே வந்திருக்க வேண்டியவை பின்னாலே வந்ததாலே. நோய் எது, நோயாளி யார் என்று பிரித்துப் பார்த்து, மக்கள் பெருக்கத்தால் புறநகர்கள் வளர்ந்தனவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, நின்றுகொண்டே கேட்ட அந்தச் சுவரோரத்துப் பெரியவர்களுக்கு என் தனி நன்றியைச் சொல்லி விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)